கரண்ட் சிகரெட்டும் எங்க சித்தப்பாவும் - ஒரு நானூறு வருஷக் கொசுவத்தி

டிஸ்கி: பதிவு கொஞ்சம் நீளம். டீ ஒண்ணு எடுத்துக்கிட்டு உட்காருங்க. தம் மட்டும் வேண்டாம், ஏன்னு கடைசியில சொல்றேன் :-)

போன பொங்கலுக்கு வடக்கனந்தல் போயிருந்தேன். மாட்டுப்பொங்கல் அன்னிக்கு சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் சித்தப்பா பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். சித்தப்பாவுக்கு கரும்பு விவசாயம். கொல்லையில இருந்தா பீடி, நாலு பேர் பார்க்கிற இடத்துல சிகரெட். கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலை வாசல்ல கரும்பு வண்டியோட ராத்திரி முழுக்கக் காத்துக் கிடந்து பழகின பழக்கம்னு சொல்லுவார். முப்பத்தஞ்சு வருஷமாச்சு. நடுவுல ஒரு தடவை டிபி வந்து ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானார். அந்த ஆறு மாசத்துலயும் பீடியை முழுசா விடலை.

அன்னிக்கு அவரே ஆரம்பிச்சார்.

"ஏண்டா, பெங்களூர்ல கரண்ட் சிகரெட்னு ஒண்ணு விக்கிறாங்களாமே. புகையே கிடையாதாம், ஆவிதானாம். புதுசா புடிக்கிறவனுக்கு எது தோதுப்படும்னு பாத்து ஒண்ணு வாங்கியாயேன். டாக்டரு இந்தத் தடவை ரொம்பக் கண்டிசனா சொல்லிட்டாரு."

"அது இந்தியாவுல தடை சித்தப்பா."

"சாராயமும்தான் தடை. கெடைக்காமலா இருக்கு?"

எங்க ஊர்க்காரங்க கிட்ட இதுக்கு மேல வாதாட முடியாது. "பாத்துச் சொல்றேன்"னு தப்பிச்சு வந்துட்டேன். ஆனா கேள்வி என்னை விடலை. ஆபீஸ்ல ஆணி புடுங்கின நேரம் போக மீதி நேரத்துல, எந்தக் கருவி நல்லது, யாரு சோதிச்சாங்க, எதுக்குத் தடை பண்ணாங்கன்னு படிக்க ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க, சித்தப்பா கேட்ட கேள்வி புதுசே இல்லைன்னு தெரிஞ்சுது. புகையிலை இந்தியாவுக்குள்ள நுழைஞ்ச நாள்ல இருந்து "கெடுதல் கம்மியா இருக்கிற கருவி எது?"ன்னு ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான். பக்கத்துலயே இன்னொருத்தன் கையில ஒண்ணை வெச்சுக்கிட்டு "இதோ இது"ன்னு நீட்டிக்கிட்டே இருக்கான். அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

அக்பர் இழுத்த ரெண்டு இழுப்பு

போர்த்துக்கீசியர் புண்ணியத்துல புகையிலை முதல்ல மேற்குக் கரையிலயும் தக்காணத்துலயும்தான் பரவிச்சு. அக்பரோட அதிகாரி அசத் பேக், தூது போன பீஜப்பூர்ல இருந்து 1604 வாக்கில் திரும்பி வரும்போது கொஞ்சம் புகையிலையும், கல் பதிச்ச அழகான புகைக்குழாய் ஒண்ணும் கொண்டு வந்து அக்பர் முன்னாடி வெச்சார். நடந்ததை அவரே எழுதியும் வெச்சிருக்கார். அக்பர் ஆசைப்பட்டு ரெண்டு மூணு இழுப்பு இழுத்தார். அரண்மனை வைத்தியருக்குப் பயம். இதைப் பத்தி நம்ம வைத்திய நூல்கள்ல ஒண்ணும் இல்லை, தெரியாத சரக்கை ராஜா உடம்புல எப்படிச் சோதிக்கிறதுன்னு அவர் தடுத்தார். ஐரோப்பாக்காரங்க எல்லாம் முட்டாளா, அவங்க உபயோகிக்கலையான்னு அசத் பேக் மடக்கினார். அக்பர் பழக்கம் பண்ணிக்கலை. ஆனா சுத்தி நின்ன அமீர்கள் எல்லாம் எனக்கு எனக்குன்னு கேட்டு வாங்கினாங்க. சீக்கிரமே வியாபாரிகளும் விற்க ஆரம்பிச்சுட்டாங்க.

யோசிச்சுப் பாருங்க, வைத்தியர் கேட்டது எவ்வளவு நியாயமான கேள்வி! "யார் சோதிச்சா?" அன்னிக்கு அதுக்குப் பதில் இல்லை.

அடுத்தது ஹூக்கா. புகையைத் தண்ணிக்குள்ள விட்டு இழுத்தா நஞ்சு தங்கிடும்னு ஹக்கீம் அபுல் ஃபத் கீலானி கண்டுபிடிச்சார்னு ஒரு கதை பல இடத்துல எழுதியிருக்காங்க. சின்னச் சிக்கல் என்னன்னா, அந்த ஹக்கீம் 1589லயே இறந்துட்டார். அசத் பேக் குழாயோட வந்து நிக்கிறதுக்குப் பதினஞ்சு வருஷம் முன்னாடி! யாரு கண்டுபிடிச்சா என்ன, "தண்ணி வடிகட்டிடும்" என்கிற நம்பிக்கை மட்டும் நானூறு வருஷம் நின்னுச்சு. 2005ல உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட குறிப்பு, ஒரு ஹூக்கா அமர்வுல உள்ள போற புகை நூறு சிகரெட் அளவுக்கோ அதுக்கு மேலயோ இருக்கலாம்னு சொன்னுச்சு. தண்ணி புகையைக் குளிர வைக்குது. குளிர்ந்த புகை தொண்டையை எரிக்காது, அதனால இன்னும் ஆழமா இழுக்கலாம். பாதுகாப்புன்னு நினைச்சது வெறும் சொகுசு.

தடையும் புதுசு இல்லீங்க. 1617ல ஜஹாங்கீர் புகையிலை பிடிக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டார். அதே சமயம் பாரசீகத்துல ஷா அப்பாஸும் தடை போட்டிருந்தார். இதுல காமெடி என்னன்னா, ஜஹாங்கீர் அந்த ஷாவுக்கு அனுப்பின தூதர் கான் ஆலம் ஒரு நிமிஷம் கூடப் புகை இல்லாம இருக்க முடியாத ஆள். கடைசியில ஷாவே அவருக்கு மட்டும் விலக்கு கொடுத்தார். இதை ஜஹாங்கீரே தன் நினைவுக்குறிப்புல பதிவு பண்ணியிருக்கார். தடை என்ன ஆச்சுன்னு நான் சொல்லணுமா? பெட்டிக்கடையைப் பாருங்க.

விழுப்புரம் மாவட்டத்து இறப்புக் கணக்கு

நம்ம பக்கம் சுருட்டு. இங்கிலீஷ்காரன் சுருட்டை இன்னிக்கும் "செரூட்"னுதான் சொல்றான், அது நம்ம "சுருட்டு"ல இருந்து போன சொல். திருச்சி உறையூர்ச் சுருட்டும் திண்டுக்கல் சுருட்டும் கப்பல் ஏறின காலம் ஒண்ணு இருந்துச்சு. அப்புறம் பீடி, அப்புறம் சிகரெட். இந்தியா முழுக்க எடுத்த 2016-17 கணக்கெடுப்புப்படி பெரியவங்கள்ல 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில புகையிலை உபயோகிக்கிறாங்க. பீடி பிடிக்கிறவங்க 7.7 சதவீதம், சிகரெட் 4 சதவீதம். ஆக நம்ம நாட்டுல "சிகரெட்டை விடுறது"ன்னு பேசினா பாதிக் கதைதான். பீடிதான் பெரிசு.

இதனால என்ன ஆகுதுன்னு சொன்ன முக்கியமான ஆய்வுகள்ல ஒண்ணு எங்க ஊர் பக்கத்துலயே நடந்திருக்கு. எனக்கே இப்பத்தான் தெரியும். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பர்லதான். அதுக்கு முன்னாடி நாங்க விழுப்புரம் மாவட்டம். அந்த விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்கள்லயும் சென்னை நகரத்துலயும் 1990களின் கடைசியில இறந்த பெரியவங்க வீடு வீடாப் போய், "எப்படி இறந்தார், என்ன நோய், புகை பிடிப்பாரா?"ன்னு கேட்டு எழுதினாங்க. டாக்டர் வேந்தன் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டு ரிச்சர்ட் பீட்டோவும் சேர்ந்து நடத்தின வேலை. மொத்தம் 80,000 மரணம் அலசினாங்க. அதுல 43,000 ஆண்களோட கணக்கை, உயிரோட இருந்த 35,000 ஆண்களோட ஒப்பிட்டு 2003ல லான்செட் இதழ்ல வெளியிட்டாங்க.

புகைன்னாலே கேன்சர்னுதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனா இங்க தனியா நின்னது டிபி. புகை பிடிக்கிற ஆண் டிபியில சாகிற வாய்ப்பு, பிடிக்காதவரை விட நாலு மடங்குக்கு மேல. நாட்டுல ஆண்களோட டிபி சாவுகள்ல பாதிக்குப் புகைதான் காரணம்னு அந்தக் கட்டுரை முடிவு சொன்னுச்சு.

இதைப் படிச்சப்போ ராத்திரி ஒரு மணி இருக்கும். ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்ட சித்தப்பா ஞாபகம் வந்துச்சு. அதுவரைக்கும் சும்மா சுவாரசியத்துக்குப் படிச்சுக்கிட்டிருந்தேன். அப்புறம் அப்படிப் படிக்க முடியலை.

பஞ்சு வெச்ச சிகரெட்

1950ல இங்கிலாந்துல டாலும் ஹில்லும், அமெரிக்காவுல விண்டரும் கிரஹாமும் சிகரெட்டுக்கும் நுரையீரல் கேன்சருக்கும் உள்ள தொடர்பை எண்ணிக்கையோட காட்டினாங்க. ஜனங்க பயந்தாங்க. பயந்தவனுக்கு விற்க உடனே ஒரு கருவி வந்துச்சு: ஃபில்டர். (காகித ஃபில்டருக்கு ஹங்கேரிக்காரர் போரிஸ் ஐவாஸ் 1925லயே காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனா பயம் வந்த பிறகுதான் அது பரவிச்சு.)

இதுல உச்சக்கட்டம் அமெரிக்காவோட கென்ட் சிகரெட். 1952ல இருந்து 1956 வரைக்கும் அதோட ஃபில்டர்ல வெச்சிருந்தது என்ன தெரியுமா? ஆஸ்பெஸ்டாஸ்! அதுலயும் மோசமான நீல ஆஸ்பெஸ்டாஸ். உடம்புக்கு நல்லதுன்னு விளம்பரம் பண்ணி வித்தாங்க. அதுக்கப்புறம் "லைட்" சிகரெட். ஃபில்டரைச் சுத்திக் கண்ணுக்குத் தெரியாத பொடி ஓட்டைகள். அளவெடுக்கிற மெஷின்ல வெச்சா வெளிக்காத்து கலந்து தார் கம்மியாக் காட்டும். மனுஷன் பிடிச்சா விரலாலயும் உதட்டாலயும் ஓட்டை மூடிக்கும், நிக்கோட்டின் பத்தலைன்னு இன்னும் இழுத்து இழுத்துப் பிடிப்பான். சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா டெஸ்ட் கேஸ் பாஸ், ப்ரொடக்ஷன்ல அவுட்.

நீர்மூழ்கிக் கப்பல்ல இருந்து ஒரு கடிதம்

இப்பத்தான் கதை திரும்புது. 1967 டிசம்பர்ல ஸ்வீடன்ல கிளாஸ் லுண்ட்கிரென் என்கிற விஞ்ஞானி, மருந்துக் கம்பெனியில இருந்த தன் நண்பர் ஓவே ஃபெர்னோவுக்கு ஒரு கடிதம் எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல் ஆளுங்க புகை பிடிக்க முடியாதப்போ மெல்லுற புகையிலைக்கு மாறிடறாங்க, ஏக்கம் அடங்கிடுது, அப்ப அவங்களுக்கு வேணும்கிறது புகை இல்லை, நிக்கோட்டின்தான்னு. ஃபெர்னோ தானே பயங்கரமா புகை பிடிக்கிற ஆள். கடிதத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கோட்டின் சூயிங்கம் செஞ்சார். 1978ல சுவிட்சர்லாந்துலயும் 1984ல அமெரிக்காவுலயும் மருந்தா அனுமதி கிடைச்சுது.

தோல்ல ஒட்டுற பேட்ச் கதையும் இதே மாதிரிதான். புகையிலைக் கொல்லையில ஈர இலை பறிக்கிற கூலிக்காரங்களுக்குத் தோல் வழியா நிக்கோட்டின் ஏறி வாந்தி மயக்கம் வரும். அதை யோசிச்ச மரே ஜார்விக்கும் ஜெட் ரோஸும் முதல்ல தங்க தோல்லயே வெச்சுச் சோதிச்சுக்கிட்டாங்க.

இதுல என்ன விசேஷம்னா, அடிமைப்படுத்துறது நிக்கோட்டின், ஆளைக் கொல்லுறது பெரும்பாலும் எரியுற இலையோட புகை. சிகரெட் நுனி இழுக்கும்போது கிட்டத்தட்ட 900 டிகிரி போகும். அந்தச் சூட்டுலதான் தாரும் கார்பன் மோனாக்சைடும் பிறக்குது. ரெண்டையும் பிரிச்சுட்டா? நிக்கோட்டினை மட்டும் கொடுத்து, எரிக்கிறதை நிறுத்திட்டா?

கம்ல ஒரு குறை. சிகரெட் நிக்கோட்டின் சில விநாடியில மூளைக்குப் போய்டும். கம் மெதுவா இருபது முப்பது நிமிஷம் எடுக்கும். அந்த "நச்" கிடைக்காது. கையில பிடிக்க, வாயில வைக்க ஒண்ணும் இருக்காது.

ஷென்யாங் மருந்தாளுநர்

எரிக்காம ஆவியா இழுக்கிற கருவிக்கு அமெரிக்காவுல ஹெர்பர்ட் கில்பர்ட் 1963ல விண்ணப்பிச்சு 1965ல காப்புரிமை வாங்கினார். யாரும் தயாரிக்க முன்வரலை. நாப்பது வருஷம் கழிச்சு, சீனாவோட ஷென்யாங் ஊர்ல ஹான் லிக் என்கிற மருந்தாளுநர். அவரும் புகைப்பவர், பேட்ச் போட்டுப் பார்த்து சரிப்படாதவர். அப்பா நுரையீரல் கேன்சர்ல இறந்தார். 2003ல காப்புரிமைக்கு விண்ணப்பம், 2004ல கடைக்கு வந்துச்சு. அதுதான் இன்னிக்கு இருக்கிற மின்-சிகரெட்டோட தாத்தா.

அதுக்கப்புறம் தலைமுறை தலைமுறையா மாறிச்சு. முதல்ல பார்க்க சிகரெட் மாதிரியே இருந்தது. பேட்டரி சின்னது, நிக்கோட்டின் சரியா வராது, வாங்கினவன் ரெண்டு நாள்ல தூக்கிப் போட்டுட்டு பழைய சிகரெட்டுக்கே போனான். 2010 வாக்கில் பேனா மாதிரி, தொட்டியில திரவம் ஊத்தி நிரப்பிக்கிற வகை வந்துச்சு. மூணாவது, கைக்கடங்காத பெட்டி: வாட்ஸ், ஓம்ஸ் எல்லாம் நாமே வெச்சுக்கலாம், கம்பியைக் கூட நாமே சுத்திக்கலாம். (நம்ம இன்ஜினியரிங் பசங்களுக்குத் தோதான ஐட்டம், ஆனா முதல் நாள் சிகரெட்டை விடுறவனுக்கு ஆகாது. அவ்வளவு ஆவியை நேரா நுரையீரலுக்கு இழுத்தா இருமியே செத்துடுவான்.) நாலாவது, பென் டிரைவ் மாதிரி குட்டி.

சித்தப்பா கேட்ட "புதுசா புடிக்கிறவனுக்கு எது?" என்கிற கேள்விக்கு ஒழுங்கா நடந்த ஒரு பரீட்சை இருக்கு. லண்டன்ல பீட்டர் ஹாயெக் தலைமையில 886 பேரை சீட்டுக் குலுக்கி ரெண்டு பிரிவா பிரிச்சாங்க. ஒரு பிரிவுக்கு கம், பேட்ச் மாதிரி நிக்கோட்டின் மருந்துகள்ல அவங்க விருப்பம். இன்னொரு பிரிவுக்கு ஆரம்பநிலை மின்-சிகரெட் ஒண்ணு, நிரப்பிக்கிற ரெண்டாம் தலைமுறைப் பேனா வகை, கூடவே மில்லிக்கு 18 மில்லிகிராம் நிக்கோட்டின் உள்ள ஒரு புட்டித் திரவம். ரெண்டு பிரிவுக்கும் குறைஞ்சது நாலு வாரம் வாராவாரம் ஆலோசனை. 2019ல முடிவு வெளியாச்சு. ஒரு வருஷம் கழிச்சு சிகரெட் இல்லாம இருந்தவங்க, மின்-சிகரெட் பிரிவுல 18 சதவீதம், மருந்துப் பிரிவுல 9.9 சதவீதம்.

இதுல மூணு விஷயம் கவனிச்சேன். ஒண்ணு, ஜெயிச்சது பகட்டான கருவி இல்லை, சாதாரணமானது. சிகரெட் மாதிரியே வாயில தேக்கி இழுக்கிற வகை, ஏக்கம் அடங்குற அளவுக்கு நிக்கோட்டின். ரெண்டு, நல்ல பிரிவுலயே நூத்துக்கு 82 பேர் தோத்தாங்க. கருவி மந்திரக்கோல் இல்லை. மூணு, ஜெயிச்ச மின்-சிகரெட்காரங்கள்ல 80 சதவீதம் பேர் ஒரு வருஷம் கழிச்சும் அதை இழுத்துக்கிட்டேதான் இருந்தாங்க. மருந்துப் பிரிவுல ஜெயிச்சவங்கள்ல 9 சதவீதம் பேர்தான் இன்னும் மருந்து உபயோகிச்சாங்க.

இங்கிலாந்து அரசு இதை நம்பி இறங்கிச்சு. 2023 ஏப்ரல்ல பத்து லட்சம் புகைப்பவங்களுக்கு ஆரம்பநிலைக் கருவி கொடுக்கிற திட்டத்தை அறிவிச்சுது. அதே இங்கிலாந்து 2025 ஜூன் 1ல இருந்து ஒரு தடவை இழுத்துத் தூக்கிப் போடுற வகையைத் தடை பண்ணிடுச்சு. பள்ளிக்கூடப் பசங்க கையிலயும் குப்பைத்தொட்டியிலயும் அதுதான் நிறைஞ்சு கிடந்துச்சு.

தடை வந்த கதை

பசங்கன்னு சொன்னேன் இல்லையா, அதுதான் இந்தக் கதையோட மறுபக்கம். 2015ல அமெரிக்காவுல ஜூல் வந்துச்சு. தொண்டையைக் காரமா அறுக்காத நிக்கோட்டின் உப்பு, ரொம்பச் செறிவு. 2017ல அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள்ல மின்-சிகரெட் இழுக்கிறவங்க 11.7 சதவீதம், 2019ல 27.5 சதவீதம். இவங்கள்ல பலர் சிகரெட்டை விட வந்தவங்க இல்லை, சிகரெட்டே தொடாதவங்க. 2018 டிசம்பர்ல மார்ல்பரோ விற்கிற ஆல்ட்ரியா 1,280 கோடி டாலர் கொடுத்து ஜூல்ல 35 சதவீதம் வாங்கிச்சு. ஹான் லிக்கோட காப்புரிமைகளும் 2013லயே ஒரு சிகரெட் கம்பெனி கைக்குப் போயிருந்துச்சு. விற்கிறவன் மறுபடியும் பழைய ஆளேதான்.

தமிழ்நாடு 2018ல தடை பண்ணிச்சு. மத்திய அரசு 2019 செப்டம்பர் 18ல அவசரச் சட்டம் கொண்டு வந்துச்சு. நவம்பர் கடைசி வாரத்துல கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்தப்போ, அதே வாரம் மக்களவையில இந்த மசோதா நிறைவேறிச்சு. டிசம்பர்ல சட்டம் ஆச்சு. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குத்தம். முதல் தடவை ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்லைன்னா ரெண்டும். இருப்பு வெச்சிருந்தா ஆறு மாசம் வரைக்கும், இல்லைன்னா ஐம்பதாயிரம் வரைக்கும். ஃபாரின்ல இருந்து பையில ஒண்ணே ஒண்ணு போட்டுக்கிட்டு வந்தாலும் அது இறக்குமதிதான்.

"நெருப்பு வெச்சுக் கொல்லுற பீடிக்குப் பெட்டிக்கடையில இடம், நெருப்பே இல்லாததுக்கு ஜெயிலா?"ன்னு ஒரு கட்சி. "பசங்க கெட்டுப் போறதைப் பார்த்துக்கிட்டு இருக்கவா?"ன்னு இன்னொரு கட்சி. எனக்கு ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிற மாதிரிதான் தெரியுது. முதல் கட்சிக்காரன் நான்தான்னு நினைச்சுக்கிட்டுத்தான் படிக்க ஆரம்பிச்சேன். என்னை மாத்தினது சட்டம் இல்லை, எங்க ஊர்.

கருணாபுரம்

2019ல அமெரிக்காவுல மின்-சிகரெட் இழுத்தவங்களுக்குத் திடீர்னு நுரையீரல் வெந்து போன மாதிரி ஒரு நோய். 2020 பிப்ரவரி வரைக்கும் 2,807 பேர் பாதிப்பு, 68 பேர் சாவு. தோண்டிப் பார்த்தா, பெரும்பாலும் தெருவுல, தெரிஞ்சவன் மூலமா வாங்கின கஞ்சாச் சத்துக் குப்பிகள். திரவத்தை நீர்க்கடிச்சு கெட்டியாக் காட்ட வைட்டமின் ஈ அசிடேட்டைக் கலந்திருக்காங்க. ஒழுங்கான கடையில வித்த நிக்கோட்டின் திரவம் பெரும்பாலும் இதுல சம்பந்தப்படலை. வித்தவன் யாருன்னே தெரியாத சரக்குதான் கொன்னுச்சு.

இதை ஒரு கள்ளக்குறிச்சிக்காரன் படிச்சா அவனுக்கு அமெரிக்காவா ஞாபகம் வரும்? 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் பாக்கெட்டைக் குடிச்சு அறுபதுக்கும் மேற்பட்டவங்க செத்தாங்க. கண் பார்வை போனவங்களும் உண்டு. நான் அப்போ பெங்களூர்ல இருந்து ஒவ்வொரு மணிக்கும் ஊருக்குப் போன் போட்டுக்கிட்டு இருந்தேன். குடிச்சவங்க விஷம் தேடிப் போகலை. எப்பவும் வாங்குற பாக்கெட்டுன்னு நினைச்சுத்தான் வாங்கினாங்க.

சித்தப்பா சொன்ன அந்த "சாராயமும்தான் தடை" இப்ப எனக்கு வேற மாதிரி கேட்டுச்சு. லண்டன் பரீட்சையில கொடுத்த புட்டியில 18 மில்லிகிராம்னு எழுதியிருந்தா உள்ளயும் 18 இருக்கும். இல்லைன்னா கேக்க ஆள் உண்டு. பெங்களூர்ல மறைச்சு வெச்சு எனக்கு நீட்டப் போற குப்பியில என்ன எழுதியிருந்தாலும் அதுக்கு யாரும் பொறுப்பு இல்லை. அக்பரோட வைத்தியர் கேட்ட கேள்விக்கு லண்டன்ல பதில் இருக்கு, அந்தக் குப்பிக்கு இல்லை. ஒரு தடவை டிபி வந்த நுரையீரலுக்கு அதை என் கையால வாங்கிக் கொடுக்க எனக்கு மனசு வரலை.

அப்ப எதைத்தான் வாங்கிட்டுப் போனேன்?

அடுத்த தடவை ஊருக்குப் போனப்போ நிக்கோட்டின் கம் வாங்கிட்டுப் போனேன். 2 மில்லிகிராம் மருந்துக்கடையில சீட்டு இல்லாமலே கிடைக்கும். 4 மில்லிகிராமுக்கு டாக்டர் சீட்டு வேணும். காலையில எழுந்து அரை மணிக்குள்ள பத்த வைக்கிற ஆளுக்கு 4 தான் பொதுவா சொல்றாங்க. சித்தப்பா கண்ணைத் திறக்குறதுக்கு முன்னாடியே தீப்பெட்டி தேடுறவர். அதனால கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிட்டுப் போய் டாக்டரைப் பார்த்து, 4 எழுதி வாங்கினோம், கூடவே பேட்ச். பேட்ச் நாள் பூரா அடித்தளம், கம் திடீர் ஏக்கத்துக்கு. ரெண்டையும் சேர்த்தா ஒண்ணை விட நல்லா வேலை செய்யுதுன்னு பல ஆய்வுகள் சொல்லுது. 2022ல இந்தியாவோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இந்த வகை மருந்தையும் சேர்த்துட்டாங்க.

மெல்லுறதுல ஒரு முறை இருக்கு, இது தெரியாமத்தான் பலர் "கம் வேலை செய்யலை"ன்னு விட்டுடறாங்க. பபுள்கம் மாதிரி சவக்கு சவக்குன்னு மென்னா நிக்கோட்டின் வயித்துக்குப் போய் விக்கலும் குமட்டலும்தான் வரும். நாலஞ்சு மெல்லு, சுருக்குனு மிளகு மாதிரி காரம் தெரிஞ்சதும் கன்னத்து ஓரம் ஒதுக்கிடணும். காரம் அடங்கினதும் மறுபடி மெல்லு, இடம் மாத்தி ஒதுக்கு. அரை மணி. டீ, காப்பி, சோடா குடிச்ச கையோட போடக் கூடாது, கால் மணி இடைவெளி வேணும். வாய் புளிப்பா இருந்தா நிக்கோட்டின் ஏறாது. எங்க ஊர்ல டீயும் தம்மும் புருஷன் பொண்டாட்டி மாதிரி. அதைப் பிரிக்கிறதுதான் பெரும்பாடு.

சித்தப்பாவுக்கு விளக்கினதும் சிரிச்சுட்டார். "வெத்தலைப் புகையில கணக்கா அடக்கிக்கச் சொல்ற, அவ்ளோதானே. இதுக்கா சீமையில இருந்து ஆளு வந்து சொல்லணும்?" ஃபெர்னோவுக்கு வந்த கடிதத்தை அவர் ஒரு வரியில சொல்லிட்டார்!

கூடவே 1800-11-2356 எண்ணையும் அவர் போன்ல போட்டுக் கொடுத்தேன். 2016ல ஆரம்பிச்ச தேசியப் புகையிலை விடும் உதவி எண், காசு கிடையாது, தமிழ்லயும் பேசுறாங்க. 2018 செப்டம்பர்ல இருந்து எல்லா பாக்கெட்டுலயும் அச்சடிச்சு வருது. நானூறு தடவையாவது அந்த பாக்கெட்டைப் பிரிச்சிருப்பேன், நம்பரைப் படிச்சதே இல்லை. லண்டன்ல ரெண்டு பிரிவுக்கும் பொதுவா கொடுத்த ஒரே விஷயம் இந்த மாதிரிப் பேச்சுத்துணைதான்.

ஆமாங்க, "பிரிச்சிருப்பேன்"னுதான் சொன்னேன். அலுவலக மாடிப்படிக்குக் கீழ ஒரு நாளைக்கு ஆறு ஏழுன்னு நானும் எட்டு வருஷமா. சித்தப்பாவுக்குக் கம் நீட்டினப்போ அவர் முதல்ல கேட்டது, "நீ போட்டுட்டியா?" பதில் சொல்ல முடியாம 2 மில்லிகிராம் அட்டையை நானும் பிரிச்சேன்.

நிலவரம்: சித்தப்பா நாப்பத்தியொரு நாள்ல மூணு தடவை வழுக்கியிருக்கார், மூணும் ஆலை வாசல்ல. நான் ரெண்டு தடவை, ரெண்டும் ரிலீஸ் நாள்ல. தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு அவர்கிட்ட இருந்து போன் வரும். "இன்னைக்கு எத்தினி?" அவ்வளவுதான் கேப்பார். இன்னிக்கு இன்னும் மணி ஒன்பது ஆகலை.

விட்டவங்க, விட முயற்சி பண்றவங்க, உங்க கதையையும் சொல்லிட்டுப் போங்க மக்களே.